ஸ்னோ அன்ரியின் தலைப்பனி

“கார் ஓட்டுறதெல்லாம் ரத்தத்துல வரணும்டி. உங்க வீட்ல யாராச்சும் ஓட்டியிருக்காங்களா?”

ஹரிணி ஒருநாள் என்னிடம் இப்படிக் கேட்டாள். மெல்பேர்னில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த சென்னைப் பெண். அவள் அப்பாவிடம் கார் இருந்தது, காருக்கு டிரைவரும் இருந்தார். என் அப்பாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. அதற்குச் செயின் சில நாட்களில்தான் இருக்கும்.

“படிப்பும் ரத்தத்துல வரணும்னுதான் எங்க ஊர்ல சொன்னாங்க” என்றேன். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிறவர்கள் என் அம்மாவும் அப்பாவும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட மணி அடித்ததும் உள்ளே ஓடிய முதல் ஆள் நான். ஓடிய வேகத்தில் நர்சிங் முடித்து, கடலையும் தாண்டி இங்கே வந்து மேல்படிப்பும் முடித்துவிட்டேன். ரத்தத்தைப் பரிசோதித்துப் பார்த்தால் உப்புதான் இருக்கும்.

இந்த ரத்தக் கொள்கை மேற்கொண்டு வளராமல் பார்த்துக்கொண்டவர் எங்கள் வீட்டுக்காரம்மா, ஸ்னோ அன்ரி. நம் ஆன்ட்டிதான் யாழ்ப்பாணத்து வாயில் அன்ரி. ஆஸ்திரேலியாவில் வெயிலுக்கும் மழைக்கும் காட்டுத்தீக்கும் தனித்தனி இலாகாக்கள் உண்டு. பருவத்தின் முதல் பனிக்கு ஒரே அதிகாரி ஸ்னோ அன்ரி. அவர் நேரில் போய்ப் பார்த்து, தொட்டு, நாக்கில் வைத்து, “ஓம், இது பனிதான்” என்று சொன்னால்தான் விக்டோரியா மாநிலத்தில் குளிர்காலம் தொடங்கியதாக அர்த்தம். அதுவரை வருவதெல்லாம் வெறும் குளிர்.

மெல்பேர்னில் ஏது பனி என்று கேட்பீர்கள். ஊருக்குள் கிடையாது. கிழக்கே காரில் ஒன்றரை மணி நேரம் போய் மலை ஏறினால் உண்டு. நம் ஊரில் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் அங்கே பனி விழத் தொடங்கும். நம் மார்கழிப் பனி மூக்கை நனைத்துவிட்டுப் போய்விடும். இது உட்கார்ந்துகொள்ளும்.

அன்ரி யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து மெல்பேர்னின் புறநகரான டன்டினோங்கில் குடியேறியவர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேட்டவர்கள் யாரும் இரண்டாவது முறை கேட்டதில்லை. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். கார் நிற்க வேண்டிய இடத்தில் இடியப்பம் அவித்து, சுற்று வட்டாரத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். மாவு பிழிகிற மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போனைச் சாய்த்து வைத்திருப்பார். அதில் நாடகம் ஓடாது, பாட்டு ஓடாது. மலை உச்சியில் பொருத்திய கேமராவின் படம் ஓடும். வருடம் முழுவதும் அதில் ஒரு மரமும் ஒரு பலகையும்தான் தெரியும். அன்ரி அதைக் கிரிக்கெட் மாதிரிப் பார்ப்பார்.

“என்ன அன்ரி ஸ்கோர்?” என்று கேட்பேன்.

“பலகையிலை ஒரு காகம் இருக்குது. காகம் இருந்தால் பனி வராது. பகிடி பண்ணாமல் போய்ப் படி பிள்ளை.”

ஒருமுறை டன்டினோங்கில் ஆலங்கட்டி மழை பெய்தது. தெருவே வீட்டுக்குள் ஓடியது. அன்ரி மட்டும் ஒரு சுளகைத் தலைக்குப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். ஒரு கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக் கடித்தார். முகம் சுருங்கியது. “இது பனியில்லை. பனியின்ரை ஒண்டுவிட்ட தம்பி” என்று துப்பிவிட்டு உள்ளே வந்தார்.

இன்னொரு வருடம் ஒரு கல்யாண மண்டபத்தில் இருந்தாராம். கெட்டிமேளம் முழங்குகிறது, எல்லோர் கையிலும் அட்சதை. அன்ரியின் போன் சிணுங்கியது. பலகை வெள்ளையாகிவிட்டது! தன் கையில் இருந்த அட்சதையைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொட்டி, “என்ரை பங்கையும் சேத்துப் போடுங்கோ, நான் போட்டு வாறன்” என்று எழுந்துவிட்டார். கையில் கார்ச் சாவி வைத்திருந்த ஒரே குற்றத்துக்காக மாப்பிள்ளையின் சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சியில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு பட்டுச் சேலை ஓடுவதையும், பட்டு வேட்டி ஒன்று தடுக்கிக்கொண்டு பின்தொடர்வதையும் இன்றைக்கும் பார்க்கலாம்.

ஆம், அன்ரிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுகிறவருக்குச் சொல்லத் தெரியும். பின் சீட்டில் உட்கார்ந்தால் அவர் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கும். கார் என்றுகூட இல்லை. கோயிலில் பஜனை கொஞ்சம் வேகமெடுத்தாலும் அந்தக் கால் மிதிக்கும்.

முதல் பனிக்கு அவர் சொல்லும் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். பக்தி உள்ளவர்களிடம், “கைலாசத்துக்கு ஆர் எங்களை விடப்போயினம்? இதுதான் கைலாசம்” என்பார். சளித் தொல்லை உள்ளவர்களிடம் அது மூக்குக்கு நல்லது. கல்யாணம் ஆகாதவர்களிடம், நினைத்த காரியம் கைகூடும். தமிழ்நாட்டில் இருந்து வந்த எங்களுக்கென்று தனியாக ஒன்று வைத்திருந்தார்.

“உங்கடை ஆக்கள் தலைத் தீபாவளி எண்டு கொண்டாடுறியள்தானே? அதுமாதிரித்தான் நாட்டுக்குப் புதுசா வந்தவைக்குத் தலைப்பனி. விழுந்த அண்டைக்கே போகவேணும். அடுத்த நாள் போனால் அது பழஞ்சோறு.”

இப்படி வருடா வருடம் யாராவது ஒரு புதுசைப் பிடித்து மலைக்கு ஏற்றுவார். அன்ரியின் மகன்தான் ஓட்டுவான். அவன் வேலை மாறிச் சிட்னிக்குப் போய்க் கெல்லிவில்லில் வீடு வாங்கிவிட்டான். இடியப்பம் ஏற்றும் வெள்ளை வேன் மட்டும் வாசலில் நின்றது; வாரநாட்களில் ஒரு கடைப் பையன் வந்து ஓட்டுவான்.

நாங்கள் தப்பித்தோம் என்று நினைத்திருந்தோம்.

ஜூன் பிறந்த அந்த வாரம் எனக்கு வேறு தலைவலி. வடகிழக்கே மலைகளுக்கு நடுவில் உள்ள ஒரு சிற்றூரில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வீடு வீடாகக் காரில் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் வேலை. நான் ஆசைப்பட்டுப் படித்ததே அதற்குத்தான். சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: குளிர்காலத்தில் பனி கிடக்கும் மலைப்பாதையிலும் தனியாக ஓட்ட வேண்டும்.

லைசென்ஸ் வாங்கி, புது ஓட்டுநருக்கு உரிய பச்சை ‘பி’ அட்டையை எடுத்து வைத்திருந்தேன். அதை ஒட்டச் சொந்தமாக ஒரு கார் இல்லை. இரவல் காரில் நான் அதிகபட்சம் ஏறிய மேடு, சூப்பர் மார்க்கெட்டின் வேகத்தடை. ஹரிணிக்கோ லைசென்ஸே இல்லை. இங்கே நடந்த தேர்வில், ரவுண்டபவுட்டில் தயங்கி நின்ற ஒரு காரைப் பார்த்து, நம் ஊர் வழக்கப்படி நீளமாக ஹாரன் அடித்தாள். முன்னால் நின்றது போலீஸ் கார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ‘தங்கள் அன்பான அழைப்புக்கு நன்றி, ஆயினும்...’ என்று ஆங்கிலத்தில் அரைக் கடிதம் அடித்து வைத்திருந்தேன். ஹரிணி எட்டிப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணும் அசிங்கமில்லடி. உனக்குன்னு சிட்டிக்குள்ளயே ஒரு வேலை இல்லாமலா போயிடும்?” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அதுதான் அதிகம் சுட்டது.

சனிக்கிழமை காலை கதவு அதிர்ந்தது. அகப்பைக் காம்பால் தட்டுகிறார் அன்ரி.

“பிள்ளையள்! எழும்புங்கோ! விழுந்திட்டுது!”

விழுந்துவிட்டது என்று கேட்டால் நர்ஸ் என்ன செய்வாள்? முதலுதவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். அன்ரி என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார். மரமும் வெள்ளை, பலகையும் வெள்ளை. காகத்தைக் காணவில்லை. மறு கையில் வேன் சாவி.

“இந்த முறை நீதான்.”

“அன்ரி, நான் மலையில ஓட்டினதே இல்ல.”

“மலையும் றோட்டுத்தான். கொஞ்சம் சரிஞ்சு கிடக்குது, அவ்வளவுதான்.”

“எனக்குப் பயமா இருக்கு அன்ரி. அந்த வேலையவே வேணாம்னு எழுதப் போறேன்.”

“தெரியும். நீங்கள் ரெண்டு பேரும் கதைக்கிறது குசினி அடுப்பு வரைக்கும் கேக்கும். மாட்டன் எண்டு எழுது. ஆர் வேண்டாம் எண்டது? ஆனால் பனியைக் காணாமல் பயந்து எழுதாதை. கண்டு பயந்து எழுது. அதுதான் மரியாதை.”

உள்ளே போய்ப் பச்சை ‘பி’ அட்டையை எடுத்து வந்தேன். சாவியை வாங்கி, அட்டையை வேனில் ஒட்டினேன்.

அன்ரி புறப்பட்ட கோலத்தை விவரிக்க வேண்டும். நூல் சேலை. அதற்குள் மகன் விட்டுப்போன கம்பளிக் காற்சட்டை. சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறப் பனிச்சறுக்கு ஜாக்கெட். அதன் மேல் முந்தானை, முறையாக மடிப்பு வைத்து ஊசி குத்தியது. காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். வேனுக்குள் ஏற்றியவை: இடியப்பம், சொதி, ஃபிளாஸ்கில் கொத்தமல்லித் தண்ணீர், அன்ரி பனங்கட்டி என்கிற கருப்பட்டி, சம்பந்தி வரிசை வைக்கிற அளவில் ஒரு பித்தளைத் தாம்பாளம், கூடவே ஹரிணி. “நான் எதுக்கு அன்ரி?” என்று கேட்டவளிடம், “தேங்காயை ஆராவது மடியிலை வைச்சிருக்கவேணும்” என்றார். இடியப்பம் பிழிகிற பிரம்புத் தட்டுகள் ஒரு பெட்டி நிறைய ஏற்கெனவே வேனில் கிடந்தன. இறக்கி வைக்க நேரமில்லை. பனி காத்திருக்காது.

வழியில் ‘த பேசின்’ என்ற ஊரில் பிள்ளையார் கோயில். அர்ச்சனைக்கெல்லாம் நேரமில்லை. அன்ரி கும்பிட்டு, கூப்பிடுகிற குரலில் சொன்னார்: “பிள்ளையாரே, நாங்கள் மேலை போறம். நீர் பின்னாலை வாரும்.” அறுகம்புல்லும் எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

மலை ஏற ஏற அன்ரியின் கால் வேலை செய்யத் தொடங்கியது.

“பிறேக்! பிறேக்!”

“அன்ரி, ஏத்தத்துல ஏன் பிரேக் போடணும்?”

“எனக்கென்ன தெரியும்? பாத்தால் போடவேணும் மாதிரிக் கிடக்குது.”

ஒவ்வொரு வளைவிலும் ஹரிணி பச்சையாகிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்த்து, “ரத்தம் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தால் ஆபத்து என்பதால் தேங்காயை இறுகக் கட்டிக்கொண்டாள்.

கடைசி வளைவில் பேச்சு தானாக நின்றது. வானுயர்ந்த யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் ஒரு பக்கம் மட்டும் வெள்ளை அடித்தது போல நின்றன. மரப் பெரணிகள் சுமை தாங்காமல் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. காற்றில்லை. மேலே இருந்து ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது, சத்தமில்லாமல். மழைக்குச் சத்தம் உண்டு, மணலுக்குச் சத்தம் உண்டு. இதற்கு இல்லை என்பதை நம்பக் கொஞ்ச நேரம் ஆனது.

வண்டியை நிறுத்தி இறங்கியதும் நான் போனை எடுத்தேன். கையில் ஓர் அடி விழுந்தது.

“படம் பிறகு. கையுறையைக் கழட்டு. வாயைத் திற.”

ஒரு சிட்டிகைப் பனியில் பனங்கட்டித் துண்டு ஒன்றை அழுத்தி என் நாக்கில் வைத்தார். எங்கள் ஊரில் பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பைத் தொட்டுச் சேனை வைப்பார்களே, அதே விரல், அதே பதமான அழுத்தம். பனி போய்விட்டது, இனிப்பு நின்றது. ஹரிணிக்கும் வைத்தார். தலைசுற்றலில் இருந்தவள் முதன்முறையாக நிமிர்ந்து, “இன்னொண்ணு கிடைக்குமா?” என்றாள்.

“இனி அம்மாவுக்கு எடு. தலைப்பனியை அம்மாவுக்குக் காட்டவேணும்.”

வீடியோவில் அம்மா வந்தாள். பின்னால் உப்பு அம்பாரம். என் பின்னால் பனி அம்பாரம். அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

“ஏட்டி, இம்புட்டையும் எவன் வாருனது?”

“யாரும் வாரல. மேல இருந்து தானா விழுகுதும்மா.”

“சும்மாவா?” அம்மாவால் நம்பவே முடியவில்லை. வாழ்நாள் முழுவதும் வெள்ளையாக ஒரு குவியல் வருவதற்குக் குனிந்தவள். பிறகு, “காலுல செருப்பு போட்டிருக்கியா?” என்றாள். உப்பு காலை அறுக்கும். பூட்ஸைத் தூக்கிக் காட்டினேன். அன்ரி குறுக்கே தலையை நீட்டி, “ஓம் அம்மா, வடிவாய்ப் போட்டிருக்கிறா. உங்கடை மகள்தான் வேன் ஓட்டிக்கொண்டு வந்தவ” என்று அறிவித்தார்.  அம்மா அப்பாவைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது: “ஏங்க! இங்க வாங்க! புள்ள மலையில வேன் ஓட்டுதாம்!”

அடுத்தது தேங்காய். எந்தக் காரியத்துக்கும் முன்னால் ஒரு சிதறு தேங்காய் வேண்டாமா? அன்ரி முந்தானையை இழுத்துச் செருகி, தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கி, முழுப் பலத்தோடு தரையில் அடித்தார்.

பொசுக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். சிதறவில்லை, உருளவில்லை. தேங்காயையே காணவில்லை. பனியில் ஒரு வட்ட ஓட்டை மட்டும் இருந்தது. அந்த ஓட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடிக்கொண்டது. மூன்று பேரும் குனிந்து தோண்டினோம். பக்கத்தில் பனிமனிதன் செய்துகொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் என்ன தொலைந்தது என்று கேட்டது. “கோக்கனட்” என்றாள் ஹரிணி. அவர்கள் நாகரிகமானவர்கள். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கூடவே தோண்டினார்கள்.

கிடைக்கவில்லை. அன்ரி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “பிள்ளையார் முழுசாய் எடுத்திட்டார். பரவாயில்லை, பிறகு ஆறுதலாய் இருந்து உடைப்பார்.”

தாம்பாளம் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது. மற்றவர்கள் பிளாஸ்டிக் சறுக்குப் பலகையை வாடகைக்கு எடுத்து வந்திருந்தார்கள். அன்ரி மேட்டின் உச்சியில் தாம்பாளத்தை வைத்து, சேலையை ஒதுக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். “தள்ளு!” தள்ளினேன். ஆரஞ்சு ஜாக்கெட் ஒன்று, சுழன்று சுழன்று, “பிறேக்! பிறேக்!” என்று கூவிக்கொண்டே இறங்கிப் போவதை மலையே நின்று பார்த்தது. கீழே ஒரு பனிக்குவியலில் புகுந்து, சிறிது நேரம் பூட்ஸ் மட்டும் தெரிந்தது. நான் முதலுதவிப் பெட்டியோடு ஓடினேன். உள்ளே இருந்து குரல் வந்தது: “இன்னொருக்கா.”

கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கும்போது ஹரிணி கேட்டாள்: “உண்மையைச் சொல்லுங்க அன்ரி. கைலாசம், மூக்கு, தலைத் தீபாவளி, இதுல எது நிஜம்?”

அன்ரி மூடியில் ஊதிக்கொண்டே சொன்னார். “நான் இஞ்சை வந்த புதுசிலை ஒரு பக்டரியிலை வேலை. ஆரையும் தெரியாது. காரிலை ஏறினால் ஒண்டில் இமிக்றேசன், இல்லாட்டி டொக்டர், இல்லாட்டி பாங்க். ஒரு அலுவலும் இல்லாமல் என்னை ஒருத்தரும் ஒரு இடமும் கூட்டிக்கொண்டு போகேல்லை. ஒரு நாள், என்னோடை வேலை செய்த கிரேக்கக்காரி, முதல் ஸ்னோ விழுந்திட்டுது வா எண்டாள். ஏன் எண்டு கேட்டன். ஏன் எண்டு ஒண்டுமில்லை எண்டாள்.” ஒரு மிடறு குடித்தார். “அதுதான்.”

நானும் ஹரிணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வந்த நாளில் இருந்து நாங்கள் போன இடங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது.

“என்ன, ரெண்டு பேரும் செத்தவீடு மாதிரி முழிக்கிறியள்? எழும்புங்கோ. பிள்ளையார் பிடிக்கவேணும்.”

முதல் பனிக்கு மலை ஏறும் மெல்பேர்ன்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காரின் பானெட் மேல் சின்னதாக ஒரு பனிமனிதன் செய்து, அவன் உருகுவதற்குள் ஊர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். அன்ரி அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டார், மனிதனைத்தான் ஏற்கவில்லை. மஞ்சளில் பிடிக்கலாம், சாணத்தில் பிடிக்கலாம், வெள்ளையாக இவ்வளவு கிடக்கும்போது பிடிக்கக் கூடாதா? பானெட் மேல் தொப்பையும் தும்பிக்கையுமாகப் பிள்ளையார் எழுந்தருளினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும் என்பார்கள். இவர் ஒரு பக்கம் கங்காரு மாதிரி இருந்தார். உச்சியில் அறுகம்புல் வைத்ததும் சரியாகிவிட்டது.

“சாமி புறப்பாடு. எலுமிச்சம்பழத்தை வை.”

சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தார். புது வண்டிக்குச் செய்வோமே, அதேதான். நான் ஏறி, மெல்ல ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். வண்டி அசைந்தது.

“நில்! பழம் நசியேல்லை!”

நசியாது. தரை தார் ரோடா என்ன? பழம் மெத்தையில் படுத்தது போலப் பனிக்குள் போய்விட்டது. “திருப்பி எடு, திருப்பி எடு” என்றார் அன்ரி. பின்னால் எடுத்தேன், முன்னால் எடுத்தேன். பழம் இன்னும் ஆழம் போனது. அன்ரி விடவில்லை. “நல்லா அமத்து! நசியாமல் போகக் கூடாது!” அழுத்தினேன். சக்கரம் சுழன்றது, பனி பறந்தது, வேன் இருந்த இடத்திலேயே ஒரு சாண் இறங்கியது. இன்னும் அழுத்தினேன். இன்னும் இறங்கியது. கடைசியில் முன் சக்கரங்கள் இரண்டும் பாதிக்கு மேல் புதைந்து, வேன் கோயில் வாசலில் மண்டியிட்ட யானை மாதிரி உட்கார்ந்துவிட்டது. பழம் மட்டும் முழுசாக இருந்தது.

இன்ஜின் சூட்டில் பிள்ளையாரின் தொப்பை வியர்க்கத் தொடங்கியது.

பச்சை ஜாக்கெட் போட்ட மலைக் காவலர் ஒருவர் மண்வெட்டியோடு வந்தார். சக்கரத்தடியில் குனிந்து பார்த்தார். “இங்கே ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறது” என்றார் ஆங்கிலத்தில், மருத்துவர் எக்ஸ்ரே பார்க்கும் குரலில். ஹரிணி விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். பானெட்டைப் பார்த்தார். “யானைதானே?” அன்ரிக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது. உடனே ஒரு இடியப்பம் கொடுத்தார்.

அவர் பனியை வெட்டி ஒதுக்கினார். சக்கரத்துக்கு அடியில் ஏதாவது பரப்ப வேண்டும், வழுக்காமல் பிடிக்கிற மாதிரி என்றார். அன்ரி வேனுக்குள் பார்த்தார். பெட்டி நிறையப் பிரம்புத் தட்டுகள். ஒரு நொடி யோசித்தார். பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்துச் சக்கரங்களுக்கு முன்னால் கோலம் மாதிரி அடுக்கினார். திங்கட்கிழமை வியாபாரம் அந்தப் பெட்டியில் இருந்தது.

காவலர் என் பச்சை ‘பி’ அட்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். “வேண்டுமானால் நானே எடுத்துத் தருகிறேன். கீழ் வரைக்கும்கூட ஓட்டித் தருகிறேன்” என்றார். நல்ல மனிதர். நான் சீட் பெல்ட்டைக் கழற்றியே விட்டேன்.

“நோ” என்றார் அன்ரி. “ஷீ டிரைவர்.” பிறகு ஜன்னலுக்குள் தலையை விட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: “இறங்காதை. இப்ப இறங்கினால் அந்தக் கடிதத்தைத்தான் அனுப்புவாய்.”

சீட் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டேன்.  காவலர், சக்கரத்தை நேராக வை, மிக மெதுவாக மிதி, அவ்வளவுதான் என்றார். நான் பின்னால் அன்ரியின் குரலுக்காகக் காத்திருந்தேன். பிறேக் என்பார், எடு என்பார், இரண்டையும் சேர்த்து என்பார்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். வேனுக்குக் கொஞ்சத் தூரம் பின்னால், ஒரு பெரிய மரத்தின் மறைவில், ஆரஞ்சு ஜாக்கெட் பக்கவாட்டில் திரும்பி நின்றது. முந்தானை முழுவதையும் சுருட்டித் தன் வாயில் அடைத்திருந்தார். வலது கால் மட்டும் பனியை மிதித்துக்கொண்டிருந்தது.

சக்கரத்தை நேராக்கினேன். மெதுவாக மிதித்தேன். பிரம்புகள் நொறுங்கின. வேன் முனகியது, தயங்கியது, மூக்கைத் தூக்கியது, ஏறியது. அடியில் எங்கோ, நொறுங்கிய தட்டுகளின் மேல் அகப்பட்டு, ‘டப்’ என்று ஒரு சத்தம்.

மரத்துக்குப் பின்னால் இருந்து, வாயில் இருந்த துணியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு குரல் மலை அதிரக் கேட்டது: “நசிஞ்சிட்டுது!”

இறங்கும்போது நடைவேகத்தில் வந்தேன். பின்னால் கார்கள் வரிசை கட்டின. ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. “இவங்களுக்கு ரத்தத்துலயே ஹாரன் இல்லடி” என்றாள் ஹரிணி. முதல் வளைவில் பிள்ளையாரின் தும்பிக்கை போனது. அடுத்ததில் ஒரு காது. அடிவாரத்தில் நிறுத்தியபோது பானெட்டில் கொஞ்சம் தண்ணீரும் அறுகம்புல்லும்தான் இருந்தன. அன்ரி அந்தத் தண்ணீரைத் தொட்டு எங்கள் நெற்றியில் தடவினார். “தன்னைத் தானே கரைச்சுக்கொண்டார். கடலுக்குக் கொண்டு போற வேலை மிச்சம்.”

நான் அங்கேயே, வேனுக்குள் உட்கார்ந்தபடி, அரைக் கடிதத்தை அழித்துவிட்டு இரண்டு வரி அடித்தேன். சம்மதம். எப்போது வந்து சேர வேண்டும்? அனுப்பிவிட்டுத் திரும்பினால் ஹரிணி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எனக்கு அந்த ரவுண்டபவுட்டை ஒரு தடவை சொல்லித் தர்றியா?” என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு.

வீடு திரும்பிய பிறகு, நான் வேலைக்குச் சேரும் ஊரைப் பற்றி அன்ரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அங்கை முதல் பனி எப்ப விழும்?”

“இங்க விழுறதுக்கு முன்னாடியே விழும்னு சொன்னாங்க அன்ரி.”

அவர் மெஷினை நிறுத்திவிட்டு, போனில் மரத்தையும் பலகையையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, “அப்ப உனக்கு வசதிதான்” என்று சொல்லிவிட்டு மாவைப் பிழிந்தார். அன்றைக்கு இடியப்பம் கொஞ்சம் தடிப்பாக இருந்தது.

போன வாரம் அந்த ஊருக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் வீடு பார்த்துவிட்டு வந்தேன். ஒரே ஆள்தானே, ஓர் அறை வீடு போதுமே, குளிருக்கும் அதுதான் அடக்கம் என்றார் ஏஜென்ட். முதல் பனிக்கு வரும் அதிகாரி எங்கே தங்குவார்? மலையைப் பார்த்து ஜன்னல் வைத்த இரண்டாவது அறை உள்ள வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.